பேட்டிக்குப் போகுமுன்

உத்தியோகத்திற்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் ஓர் இளைஞனுக்குப் பேட்டிக்கு வருமாறு அழைப்பு வந்துவிட்டால், அன்று அந்த வீட்டில் மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே குடிபுகுகின்றன. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர் வீடுகளில் அந்த அச்சத்திற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. "எந்த மொழியில் கேட்பார்களோ? எந்த மொழியில் பதில் சொல்வதோ?" என்பதுதான் அது. மும்பைத் தாராவியிலும் பெங்களூரிலும் தில்லியிலும் இந்தக் கவலை உண்டு. நான் பிறந்து வளர்ந்த பாலக்காட்டு எல்லைப்புறத்திலும், என் மனைவி பிறந்த மூணாறுத் தேயிலைத் தோட்டங்களிலும் இதையே நான் கேட்டு வருகிறேன். இடுக்கி, பாலக்காடு ஆகிய இவ்விரு மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் கண்டதைக் கொண்டு, பேட்டிக்கு எவ்வாறு ஆயத்தமாவது என்பதைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

முதலில் என்னுடைய தோல்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்த் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் உள்ளது எங்கள் கிராமம். வீட்டில் தமிழ், சந்தையில் தமிழும் மலையாளமும், அலுவலகங்களில் மலையாளம் என்று வழங்கும் பகுதி அது. என் தந்தையார் நிலக்கடலையும் தென்னையும் பயிரிட்டவர். நான் பி.ஏ. பட்டம் பெற்ற பின்னர், கோயம்புத்தூரில் ஓர் அலுவலகத்திலிருந்து பேட்டிக்கு அழைப்பு வந்தது. இருபது நாட்கள் இரவும் பகலும் படித்தேன். உலக நாடுகளின் தலைநகரங்கள், நோபல் பரிசு பெற்றோரின் பெயர்கள், ஐக்கிய நாடுகள் சபையின் கிளைகள் எல்லாம் மனப்பாடம். பேட்டியில் மூவர் அமர்ந்திருந்தனர். நடுவில் இருந்த பெரியவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"தகப்பனார் விவசாயி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார்.

"ஆற்றிலிருந்து, ஐயா."

"ஆற்றுக்கு எங்கிருந்து வருகிறது?"

"மலையிலிருந்து."

அவர் புன்னகை செய்தார். "எல்லா ஆறும் மலையிலிருந்துதான் வருகிறது, தம்பி" என்றார். அதற்குமேல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அதற்காக நான் அவரைக் குறை கூற மாட்டேன்.

அவர் கேட்டது கடினமான கேள்வியே அன்று. ஆழியாற்று நீர் மணக்கடவுத் தடுப்பணையைக் கடந்து எங்கள் சித்தூர்ப் புழையை அடைகிறது. அந்தப் புழை பறளியில் கல்பாத்திப் புழையோடு கூடிப் பாரதப் புழையாகிப் பொன்னானியில் கடலில் கலக்கிறது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29-ஆம் தேதி கையெழுத்தாயிற்று. மணக்கடவில் ஆண்டொன்றுக்கு 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்குக் கிடைக்கவேண்டும் என்பது அதன் முக்கிய ஏற்பாடு. இந்த நீர் எப்போது வரும் என்று ஒவ்வோர் ஆண்டும் என் தந்தையார் திண்ணையில் அமர்ந்து கணக்குப் போட்டதைப் பார்த்தே நான் வளர்ந்தேன். அவரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டிருந்தால் எல்லாம் சொல்லியிருப்பார். எனக்கோ, என் வீட்டு வாசலில் கிடந்த செய்தி பேட்டிக்கு உதவும் என்ற எண்ணமே எழவில்லை. எல்லைப்புறத்துக் கிராமம் என்பதை ஒரு குறையாகவே மனத்தில் கொண்டிருந்தேன்.

அன்று கற்ற பாடத்தையே இன்றும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன். பேட்டி காண்போர் பெரும்பாலும் நீங்கள் எழுதிக்கொடுத்த விண்ணப்பத்திலிருந்தே கேட்கத் தொடங்குகிறார்கள். உங்கள் பெயர், ஊர், பெற்றோரின் தொழில், படித்த பாடம், முன்பு பார்த்த வேலை ஆகிய இவைதாம் அவர்கள் கையில் இருக்கின்றன. ஆகவே விண்ணப்பத்தின் நகல் ஒன்றை எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே, "இதைப் பற்றி என்ன கேட்கலாம்?" என்று மூன்று கேள்விகள் எழுதுங்கள். பதில்களை வீட்டுப் பெரியவர்களிடமும், நூலகத்திலும், நம்பத்தக்க ஆவணங்களிலும் தேடுங்கள். இது ஒரு வாரத்து வேலை. பொது அறிவுப் புத்தகம் நாலைந்தைப் புரட்டுவதைக் காட்டிலும் அதிகப் பலன் தரும்.

இன்னொரு விஷயம். பேட்டி என்ற சொல்லுக்கே அஞ்சி விண்ணப்பம் போடாமல் இருந்துவிடுகிறவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. மத்திய அரசாங்கத்தில் 'சி' பிரிவுப் பணிகளுக்கும், 'பி' பிரிவில் அரசிதழ்ப் பதிவு பெறாத பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் பேட்டி நீக்கப்பட்டுவிட்டது. எழுத்துத் தேர்வும், பணிக்கேற்பத் திறன் தேர்வும் மட்டுமே உண்டு. பணியாளர் தேர்வு ஆணையம் நடத்தும் பல்பணியாளர் தேர்வு முதலிய சில தேர்வுகளின் வினாத்தாள்கள் 2023 முதல் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளிலும் தரப்படுகின்றன. கேரளத்தில் பி.எஸ்.சி. என்று எல்லோரும் அழைக்கும் அரசுப் பணியாளர் தேர்வாணையமும், பத்தாம் வகுப்புத் தரத்திலான தேர்வுகளுக்கு மலையாளத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் வினாத்தாள் தருகிறது. ஆதலால், முதலில் அறிவிப்பை முழுவதும் படியுங்கள். பேட்டி உண்டா, இல்லையா, உண்டென்றால் அதற்கு எத்தனை மதிப்பெண் என்பதைத் தெரிந்துகொண்டு பிறகு அஞ்சலாம்.

பேட்டி உள்ள இடங்களிலும் அதன் பங்கு நாம் நினைப்பதுபோல் அவ்வளவு பெரிதன்று. ஸ்ரீநகரில் ஒரு பொறியியற் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், 1980-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. அங்கே ஒவ்வொரு மாணவரையும் இரண்டு மூன்று நிமிஷமே பேட்டி கண்டு, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை அதற்கே ஒதுக்கியிருந்தனர். அது முறையன்று என்றும், பேட்டிக்கு 15 சதவிகிதத்துக்கு மேல் ஒதுக்கலாகாது என்றும் நீதிமன்றம் கூறியது. மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2025 மதிப்பெண். அதில் பேட்டிக்கு உரியது 275. நூற்றுக்குப் பதினான்குக்கும் குறைவு. எழுத்துத் தேர்வில் நன்கு செய்தவன் தலை நிமிர்ந்தே பேட்டி அறைக்குள் போகலாம்.

இனி மொழியைப் பற்றிச் சொல்லவேண்டும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதில் எனக்குச் சற்று அக்கறை அதிகம். எல்லைப்புறத்து இளைஞர்கள், "எங்களுக்கு எந்த மொழியும் சரியாக வராது" என்று சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அது முழு உண்மை அன்று. அவர்களுக்குப் பேச்சுத் தமிழ் தெரியும். கடைத்தெரு மலையாளம் தெரியும். பாடப்புத்தக ஆங்கிலமும் தெரியும். இல்லாதது ஒன்றுதான்: ஒரு பொருளைப் பற்றி, ஒரே மொழியில், ஐந்து வாக்கியங்கள் தொடர்ந்து சொல்லும் பழக்கம். இரண்டாவது வாக்கியத்திலேயே வேறு மொழி நுழைந்துவிடுகிறது.

இதில் ஓர் அபாயமும் உண்டு. தமிழில் 'அவசரம்' என்றால் விரைவு. மலையாளத்தில் அதே சொல்லுக்கு வாய்ப்பு என்று பொருள். தமிழில் 'வெள்ளம்' ஊரை அழிப்பது. மலையாளத்தில் அது குடிக்கும் தண்ணீர். தமிழருக்குச் 'சம்சாரம்' மனைவி. மலையாளிக்கு அது பேச்சு. வீதியில் இவை சிரிப்போடு போய்விடும். பேட்டியிலோ, ஒரு வாக்கியத்தின் பொருளே மாறிவிடும்.

இதற்குப் பரிகாரம் எளிது. உங்கள் ஊர், உங்கள் படிப்பு, நீங்கள் விரும்பும் பணி, அந்தப் பணியை விரும்புவதற்குக் காரணம் ஆகிய நான்கையும் பற்றி ஐந்தைந்து வாக்கியங்கள் முதலில் தமிழில் எழுதுங்கள். தாய்மொழியில் தெளிவாகாத எண்ணம் வேறு எந்த மொழியிலும் தெளிவாகாது. பிறகு அவற்றையே மலையாளத்திலும் ஆங்கிலத்திலும், நீங்கள் வாழும் மாநிலம் வேறாயின் அந்த மாநில மொழியிலும், உங்கள் சொந்த நடையில் எழுதுங்கள். கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். முதல் நாள் உங்கள் குரலே உங்களுக்கு வெட்கம் தரும். பத்தாம் நாள் தராது.

இரு மொழி தெரிவது ஒரு குறை என்ற எண்ணத்தையும் இங்கே விட்டுவிட வேண்டும். கேரளத்து ஆட்சிமொழிச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. அதன்படி, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசாங்கத் தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதிகள் என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம்; பதிலும் அம்மொழியிலேயே வரவேண்டும். மனுவைத் தமிழில் கொடுத்தால், அதைப் படித்துக் கோப்பில் மலையாளத்தில் குறிப்பு எழுத ஓர் ஊழியர் வேண்டுமல்லவா? தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர் என்று தனியே பணியிடங்கள் அறிவிக்கப்படுவது இதனால்தான். அந்த நாற்காலிக்கு வேண்டிய தகுதியில் பாதி, நம் பிள்ளைகள் தெருவில் விளையாடும்போதே பெற்றுவிடுவது. மீதிப் பாதியை, அதாவது மலையாள எழுத்தையும் அலுவலக நடையையும், அவர்கள் கற்றுத்தான் ஆகவேண்டும். உரிமையைச் சொல்லிக்கொண்டு கற்காமல் இருப்பது நமக்கே நட்டம்.

மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணிப் பேட்டியில் தமிழிலேயே பேச விரும்புவோர் விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட்டால், மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் பேசலாம். அவ்வாறு செய்வோருக்கு என் தொழில்முறையில் ஒரு வார்த்தை. சிறு வாக்கியங்களாகப் பேசுங்கள். ஒரு கருத்தை முடித்துவிட்டுச் சற்று நிறுத்துங்கள். எண்களையும் ஆண்டுகளையும் நிதானமாகச் சொல்லுங்கள். பழமொழிகளையும் சிலேடைகளையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அவை மொழிபெயர்ப்பில் பிழைப்பதில்லை. மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல், கேள்வி கேட்டவரைப் பார்த்தே பேசுங்கள்.

என் மனைவியின் தமக்கை மகள் ஒருத்தியைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். மூணாறு மலைகளைப் பூஞ்சாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் குத்தகைக்குப் பெற்றது 1877-இல். அதன்பின் காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தபோது, திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்களில் ஒன்று அவளுடையது. தாயார் கொழுந்து எடுக்கும் தொழிலாளி, தந்தை இல்லை. குடியிருப்பது தோட்டத்து லயத்தில். அங்கே வீடு வேலையோடு சேர்ந்தது. குடும்பத்தில் வேலை செய்பவர் ஓய்வு பெற்று, வேறொருவரும் அங்கே வேலையில் இல்லையென்றால், வீட்டைக் காலி செய்ய வேண்டும். தாயார் ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள் இருந்தன. பெண்ணோ ஆசிரியப் பயிற்சி முடித்து, தமிழ்வழித் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணிக்கான எழுத்துத் தேர்வில் தேறி, பேட்டிக்கு அழைக்கப்பட்டிருந்தாள். அந்தப் பேட்டியில் இருந்தது அவளுடைய உத்தியோகம் மட்டுமன்று. அவர்கள் தலைக்கு மேலுள்ள கூரையும்தான்.

நான் அங்கே சென்றிருந்தபோது அவள் கேட்டாள்: "சித்தப்பா, அம்மா என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் என்ன சொல்ல? 2015-இல் நடந்த போராட்டத்தைப் பற்றிக் கேட்டால்? அம்மாவும் ரோட்டில் உட்கார்ந்தவர்தானே. கலகக்காரி மகள் என்று நினைத்துவிட மாட்டார்களா?"

அந்த நிகழ்ச்சி நேயர்களுக்கு நினைவிருக்கலாம். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள், தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் தாமே திரண்டு சாலையில் அமர்ந்தார்கள். 20 சதவிகிதப் போனஸ் வேண்டும், 232 ரூபாயாக இருந்த நாட்கூலி 500 ஆக வேண்டும் என்பவை அவர்களுடைய கோரிக்கைகள். அவ்வாண்டு அக்டோபரில் கூலி 301 ரூபாய் என்று முடிவாயிற்று.

"நீ இந்த எண்களைச் சொல், அம்மா. எது கேட்டார்கள், எது கிடைத்தது, எப்படி முடிந்தது என்று நடந்ததை நடந்தபடி சொல். அம்மா அதில் இருந்தாரா என்று கேட்டால், 'இருந்தார்' என்று சொல். மறைக்கத் தொடங்கினால் அடுத்த கேள்விக்கும் மறைக்க வேண்டியிருக்கும்" என்றேன்.

பேட்டியில் அவர்கள் அதைத்தான் கேட்டார்கள். அவள் மூன்று வாக்கியங்களில் சொன்னாளாம். குழுவினர் தலையசைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். அடுத்த கேள்வி, வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் கேட்டு வளரும் ஒரு குழந்தை எழுதும்போது இரண்டையும் கலந்தால் ஆசிரியர் என்ன செய்யவேண்டும் என்பது. "நானே அப்படி எழுதிய குழந்தைதான். என் ஆசிரியை அதை அடிக்கவில்லை; இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதி, எது எந்த மொழி என்று என்னையே கேட்பார்கள். நானும் அப்படித்தான் செய்வேன்" என்றாளாம். இது எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத பதில். பட்டியலில் அவள் பெயர் நடுவில்தான் வந்தது. நியமனத்துக்குப் பல மாதங்கள் ஆயின. எனினும் தாயார் ஓய்வு பெறுமுன் உத்தரவு வந்துவிட்டது. இப்போது இருவரும் வாடகை வீடொன்றில் இருக்கிறார்கள். அந்த வீட்டிலிருந்து அவர்களை எழுப்ப ஓய்வு பெறும் தேதி எதுவும் இல்லை.

எல்லைப்புறத்தவரிடம் இத்தகைய சங்கடமான கேள்விகள் வருவது இயல்பே. குமுளி, வண்டிப்பெரியாறு பகுதி இளைஞனிடம் முல்லைப் பெரியாற்றைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். கோபமோ அச்சமோ கொள்ளாமல் முதலில் உண்மைகளைச் சொல்லவேண்டும். குத்தகை ஒப்பந்தம் 1886-இல். அணை முடிந்தது 1895-இல். அது கேரள மண்ணில் இருக்கிறது, தமிழ்நாடு அதை இயக்குகிறது. அதன் நீர் தேனி, மதுரை முதலிய மாவட்டங்களுக்குப் பாய்கிறது. 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே 7-இல் தீர்ப்பளித்தது. அடுத்து, அணைக்குக் கீழே வசிப்போரின் அச்சத்தையும், மலைக்கு அப்பால் அந்த நீரை நம்பி உழுவோரின் கவலையையும் ஒரே நியாயத்துடன் எடுத்துரைக்க வேண்டும். தன் கருத்தைக் கேட்டால், அதையும் அமைதியாக ஒரு வாக்கியத்தில் சொல்லலாம். இரு பக்கத்திலும் உறவினர் உள்ள நமக்கு இது பிறரைவிட எளிதாகவே வரவேண்டும்.

சான்றிதழ்களைப் பற்றியும் சொல்லாமல் விடக்கூடாது. நாம் தந்தையின் முதலெழுத்தைப் பெயருக்கு முன்னால் எழுதுகிறோம். கேரளத்தில் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் எழுதுகிறார்கள். வீட்டுப் பெயரையும் சேர்ப்பதுண்டு. இதனால் ஒரே மனிதன் பள்ளிச் சான்றிதழில் ஒருவனாகவும் ஆதாரில் வேறொருவனாகவும் தோன்றுகிறான். இருவரும் ஒருவரே என்னும் சான்றைக் கிராம அலுவலகத்தில் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழ் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினராக இருப்பவர் வேறு மாநிலத்தில் குடியேறினால், அந்த மாநில அரசுப் பணிகளில் அச்சலுகையைக் கோர முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் பீர்சிங் வழக்கில் மீண்டும் உறுதி செய்தது. தோட்டப் பகுதிகளில், முன்னோர் 1950-க்கு முன்னரே அங்கே குடியிருந்தனர் என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். பாட்டனாரின் பழைய காகிதங்களை எரித்துவிடாதீர்கள். பள்ளிப் பதிவேட்டிலோ தோட்டப் பதிவேட்டிலோ உள்ள ஒரு வரி, பேரனுக்கு வாழ்வு தரக்கூடும். இவற்றைத் தேட மாதங்கள் ஆகும். அழைப்பு வந்தபின் தேட நேரம் இராது.

பேட்டி நாளன்று செய்யவேண்டியவை சொற்பமே. மலையிலிருந்து வருபவர்கள் முதல்நாளே நகரத்தை அடைந்துவிடுவது நல்லது. மண் சரிந்து பாதை அடைபட்டால் யாரும் நமக்காகக் காத்திரார். தூய்மையான, பழகிய உடையே போதும். கேள்வியை முழுவதும் கேட்டபின் பேசுங்கள். கேள்வி புரியாவிட்டால் மறுபடி கூறுமாறு பணிவாகக் கேட்பதில் இழிவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். தெரியாது என்று நேர்மையாகச் சொன்னவன், தெரியும் என்று சொல்லும்போது நம்பப்படுகிறான்.

இறுதியாகப் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பேட்டிக்குப் போகும் பிள்ளைகளிடம் உங்கள் தொழிலைப் பற்றியும், நீங்கள் இந்த ஊருக்கு வந்த கதையைப் பற்றியும் உட்கார்ந்து பேசுங்கள். அன்று என் தந்தையாரிடம் நான் கேட்காமற்போனதைப் பிறகு கேட்டேன். மணக்கடவிலிருந்து பொன்னானி வரைக்கும் அவர் விரல்விட்டுச் சொன்னார். அதற்கடுத்த பேட்டியிலும் என் ஊரைப் பற்றிக் கேட்டார்கள். அந்தப் பேட்டியில் கிடைத்த உத்தியோகத்தில்தான் இன்றும் இருக்கிறேன்.